மூன்றாம் கட்டுக்குப் போகாத வைஃபை

ரெத்தினத்தின் மைக் செட் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை. சீர்காழிக்குக் கிழக்கே ஏழெட்டு ஊர்களுக்கு அவர்தான் சத்தம். எந்தத் தெருவில் எதிரொலிக்கும், எந்தக் குளத்தங்கரையில் குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினால் அடுத்த ஊர்க்காரன் தூக்கம் கெடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ‘கேக்கல’ என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

மகள் பூவிழி கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க வந்த பிறகு, அந்த வார்த்தையை அவர் தினமும் கேட்க வேண்டியதாயிற்று.

வீடு பெரியது. பழைய மிராசு வீடு. மூன்று கட்டு, இரண்டு முற்றம், ஆள் படுத்துத் தூங்கலாம்போல அகலச் சுவர்கள். மிராசுதாரின் பேரப்பிள்ளைகள் சென்னையோடு போய்விட, அப்பாவும் மகளும் சேர்ந்து வாங்கினார்கள். ரெத்தினத்தின் அப்பா வீரையன் அதே வீட்டில் பண்ணையாள். கொல்லைப்பக்கம் வந்து கூலி நெல்லை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனவர்.

வைஃபை பெட்டி இருந்தது முன்கட்டில். ரெத்தினம் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்த்து, ‘ஹலோ, ஹலோ’ சொல்லிப் பார்ப்பதும் அங்கேதான். ஒரு நாள் பூவிழியின் மீட்டிங்கில் இருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் அந்த ஹலோவுக்கு, “சொல்லுங்க சார்” என்று பதில் கொடுத்துவிட்டார். அன்றைக்கே அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் கட்டுக்குக் குடிபோனாள். அங்கே அமைதி இருந்தது, சிக்னல் இல்லை.

“அப்பா, நான் பேசிக்கிட்டே இருக்கேன். அவங்களுக்கு நான் வாயைத் தொறந்தபடி அப்படியே நிக்கிறேனாம்.”

ரெத்தினம் யோசித்தார். “எங்கப்பாவக் கொல்லையிலயே நிறுத்துனாங்க. இது முன்கட்டுலயே நின்னுபோச்சு.”

“பின்னால வயர் இழுத்து—”

“நீ சும்மா இரு. நாலு ஊருக்குச் சத்தம் கொண்டுபோறவன் நாலு சுவத்தத் தாண்டிக் கொண்டுபோக மாட்டனா?”

முதலில் பெட்டியை ஒரு பழைய அலுமினிய ஸ்பீக்கர் குழாய்க்குள் செருகி, குழாயின் வாயை மூன்றாம் கட்டைப் பார்த்துத் திருப்பினார். மூன்றாம் கட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கூடத்தில் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கண்ணாத்தாளுக்கும் படம் நின்றுபோனது.

“உயரம் பத்தல” என்று முடிவு கட்டினார் ரெத்தினம். உயரத்தில் கட்டினால் ஓட்டுக்கு மேலே ஏறிப் பின்கட்டில் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. கேபிள்காரரை வரவழைத்து, வயரைத் தெருவோரத் தென்னை மரத்துக்கு இழுத்து, பெட்டியை மரத்தில் கட்டினார். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தார்.

“பாஸ்வேர்டு என்னப்பா?”

“எடுக்கச் சொல்லிட்டேன். சத்தத்துக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா?”

மறுநாள் காலை முக்கியமான மீட்டிங். மூன்றாம் கட்டில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முன்கட்டிலும் இல்லை. பூவிழி வாசலுக்கு ஓடிவந்தாள். டீக்கடை பெஞ்சு மரத்தடிக்கு வந்திருந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று மலேசியாவில் இருக்கிற பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோயில் தர்மகர்த்தா கண்ணுசாமி நாற்காலி போட்டுப் போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கும்மா. அப்பப்ப சுத்துது. அப்பாகிட்டச் சொல்லி லேசா இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு.”

வேறு வழியில்லை, அவர் பக்கத்தில் நின்றே பூவிழி மீட்டிங்கில் பேசினாள். கண்ணுசாமி நடுவில் எட்டிப் பார்த்து எல்லாருக்கும் வணக்கம் வைத்தார். பின்னால் போன ஆடு நிஜமா, படமா என்று மேனேஜர் கேட்டார்.

அவள் உள்ளே வந்து கத்தவில்லை. “திருவிழால கோயிலுக்குப் பின்னால சத்தம் கேக்கலன்னா என்னப்பா செய்வீங்க? முன்னால இருக்குற குழாயவே இன்னும் உசத்திக் கட்டுவீங்களா?”

“அதெப்படி? கோபுரம் மறைக்கும்ல. வயர் இழுத்துப் பின்னால தனியா ஒரு பாக்ஸ்...” ரெத்தினம் பாதியில் நின்றார். “இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“எங்க சொல்ல விட்டீங்க?”

பெட்டி முன்கட்டுக்கே திரும்பியது. மூன்றாம் கட்டுக்கு இன்னொன்று வந்தது. அதற்குரிய வயரை ரெத்தினமே முற்றங்களின் தாழ்வாரத்தோடு நேர்த்தியாக இழுத்து வந்தார். கடைசிச் சுவர்தான் படுத்தியது. இந்தப் பக்கம் பாதி துளைத்து, அந்தப் பக்கம் போய்ப் பாதி துளைத்தார். இரண்டு துளைகளும் சந்திக்கவேயில்லை. பிறகுதான் கதவுக்கு மேலே ஒரு காற்றுத் துவாரம் இருப்பதைக் கண்ணாத்தாள் காட்டினார்.

புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ரெத்தினம் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்படி வரை போய் நின்று, கூடத்தில் இருந்த மனைவியை வீடியோவில் கூப்பிட்டார்.

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுது. உள்ள வாங்க.”

வீரையன் திரும்பிப் போன அந்தப் படியேறி அவர் உள்ளே வந்தார்.

தெருவுக்குத்தான் வருத்தம். கண்ணுசாமி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வயர் இழுத்த மறுநாள் சாயங்காலம் பூவிழி சோர்ந்துபோய் வெளியே வந்தாள்.

“என்னம்மா, கேக்கலையா?”

“எல்லாம் கேக்குதுப்பா. இவ்வளவு நாளா கஷ்டமான கேள்வி வந்தா, சிக்னல் இல்லன்னு தப்பிச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு முடியல. இன்னும் ரெண்டு பேர் வேலையையும் என் தலையில கட்டிட்டாங்க.”

ரெத்தினம் மகளைக் கவலையோடு பார்த்தார்.

“கொஞ்சம் குறைச்சு வைக்கவா?”