ஒரு வரி மேலே

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மேலாளர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் ‘பிரின்டர்’தான். காகிதம் சிக்கினால் பிரின்டரைக் கூப்பிடு, மை தீர்ந்தால் பிரின்டரைக் கூப்பிடு, சுவர்க் கடிகாரம் நின்றாலும் கூப்பிடு. உண்மையில் அவர் இருப்பது கம்ப்யூட்டர் பிரிவில். பிரிவு என்றதும் பத்துப் பேர் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன அறை ஒன்று, நாற்காலி இரண்டு. ஒன்றில் காகிதக் கட்டு உட்கார்ந்திருக்கும். மற்றதில் பதினெட்டு வருஷமாக அவர்.

பரிசோதனை எந்திரங்கள் சொல்லும் எண்களை நோயாளியின் கைக்குப் போகும் தாளில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர் வேலை. அதற்கு அவர் நம்பியிருந்தது ஒரு டெம்ப்ளேட் என்ஜினை. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறி, சர்க்கரை அளவு வர வேண்டிய இடத்தில் ஒரு குறி என்று ஒரே ஒரு மாதிரியை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், ஆளுக்கு ஆள் அந்தக் குறிகளை நிரப்பித் தாள் தாளாகத் தள்ளும். முகம் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஓய்வு நேரத்தில் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே திறந்துவைத்த சரக்கு அது.

சில மாதங்களுக்கு ஒருமுறை அதற்குப் புதுப் பதிப்பு வரும். கூடவே, என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பட்டியலும் வரும். ஊரில் மற்றவர்கள் காலையில் செய்தித்தாள் படிப்பார்கள். பிரின்டர் அந்தப் பட்டியலைப் படிப்பார்.

“அப்படி என்னதான் இருக்கு இதுல? கதையா, கிசுகிசுவா?” என்று கேட்டார் மனைவி.

“போன தடவை எப்படி இருந்துச்சு, இந்தத் தடவை எப்படி ஆகியிருக்குன்னு இருக்கு.”

“அதை என் முகத்தைப் பார்த்தும் சொல்லலாம். புதுக் கண்ணாடி போட்டு ஒரு வாரம் ஆச்சு.”

“ஆமாமா, நல்லா இருக்கு” என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

அன்று தலையைத் தூக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. வந்திருந்தது மூன்றாம் பதிப்பு, பெரிய பதிப்பு. மாற்றங்கள் நாற்பத்து மூன்று. பட்டியலின் அடியில் நன்றி சொல்லும் இடத்தில் ‘பிரின்டர்’ என்று அவர் பெயரே இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவர் அந்தக் குழுவுக்கு ஒரு மனுப் போட்டிருந்தார். ஒரு வரியில் எதையும் அச்சடிக்காத கட்டளைக் குறி மட்டும் இருந்தால், குறி மறைந்த பிறகும் அந்த இடத்தில் ஒரு வெற்று வரி சும்மா நிற்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று. பார்க்கலாம் என்று பதில் சொல்லிக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தார்கள். இப்போது எடுத்துவிட்டார்கள். ‘சின்னச் சின்னத் திருத்தங்கள்’ என்ற தலைப்பின் கீழ், முப்பத்தொன்றாவதாக.

மனைவியிடம் காட்டினார். அவர் புதுக் கண்ணாடி வழியாக நிதானமாகப் படித்துவிட்டு, “உங்க பேரு மட்டும்தான் புரியுது. இருந்தாலும் சந்தோஷமா இருக்கு” என்றார். பிரின்டருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

மனுஷன் மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். மனுப் போட்ட பிறகு நிலையத்தில் நிறைய மாறிவிட்டது. ரிசப்ஷன் அக்கா, கவர் கவராகப் பெயர் எழுதி மணிக்கட்டு போச்சு, ஜன்னல் வைத்த கவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தாளை மடித்து உள்ளே போட்டால், ஜன்னல் வழியாகப் பெயர் தெரிய வேண்டும். பெயர் அப்படி அணுப் பிசகாமல் விழ வேண்டுமென்றால் வரி வரியாக எண்ண வேண்டும் என்று பிரின்டர் ஒரு மாதம் சண்டை போட்டுத் தோற்றார். அதோடு, பரிசோதனைகளின் பெயர்களை முன்கூட்டியே அச்சடித்த படிவமும் வந்தது. என்ஜின் எண்களை மட்டும் அந்தந்தப் பெயருக்கு எதிரே கொண்டுபோய் இறக்கும். பிரின்டர் உட்கார்ந்து வரிகளை எண்ணினார். உச்சியில் சும்மா நின்ற அந்த வெற்று வரியையும் சேர்த்துத்தான் எண்ணினார்.

பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று மேலாளரும் அவசரப்படுத்தவே, ஒரு மாலை பிரின்டர் மூன்றாம் பதிப்பை ஏற்றினார். சோதிக்காமல் ஏற்றுகிற ஆள் இல்லை அவர். மூன்று பேருடைய அறிக்கையை அச்சடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஆனால், படிவக் கட்டைப் பிரித்தால் காற்றுப் பட்டு ஓரம் சுருளும் என்று, வெறும் வெள்ளைத் தாளில் அச்சடித்தார். வெள்ளைத் தாளில் எண்கள் வரிசையாக, அழகாகத்தான் இருந்தன. எதிரே பெயர் இருந்தால்தானே தப்பு தெரியும்? திருப்தியாக வீட்டுக்குப் போனார். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் தானே கேட்டு வாங்கிய வாழைப்பழத் தோலில் சறுக்கிய யானை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மறுநாள் பதினொன்றரைக்கு ரிசப்ஷன் அக்கா போன் செய்தார்.

“தம்பி, உங்க கவர்ல ஒருத்தர் பேரும் தெரியலை. ஜன்னல்ல தெரு பேரு மட்டும் எட்டிப் பார்க்குது. ஒட்டின கவரை நான் பிரிக்கவும் கூடாது. யாருக்கு எதைக் குடுக்கிறது? பதினோரு மணியில இருந்து எல்லாரும் என்னையே முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

பிரின்டர் இறங்கி வந்து ஒரு கவரைக் கிழித்துத் தாளை மேசையில் விரித்தார். பெயர் ஒரு வரி மேலே ஏறியிருந்தது. எண்களும் ஒரு வரி மேலே ஏறியிருந்தன. ஹீமோகுளோபினுக்கு எதிரே சர்க்கரையின் எண். சர்க்கரைக்கு எதிரே கொழுப்பின் எண். தாளை மடிப்பதும் எந்திரம், ஒட்டுவதும் எந்திரம். டாக்டர் கையெழுத்துப் போடுவது திரையில் பார்த்து. திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. அச்சாகி வந்த தாளை மனிதக் கண் ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

கவர்களை எண்ணினார்கள். அன்றைக்கு அச்சடித்தது அறுபத்து நாலு. மேசையில் இருந்தது அறுபத்து மூன்று.

“ஒண்ணு யாருக்கு போச்சுக்கா?”

“டிரைவர் ஐயாவுக்கு” என்றார் அக்கா. “அந்தத் தெருவுல இருந்து இங்க வர்றது அவரு ஒருத்தர்தான். அதனால தெரு பேரைப் பார்த்துக் குடுத்துட்டேன். ஏன் தம்பி?”

டிரைவர் ஐயா என்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாதம் தவறாமல் வருவார். அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நிலையத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்: காலை ரத்தத்தில் சர்க்கரை இருநூறைத் தாண்டியிருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் நாலு யூனிட் கூடுதல். பிரின்டர் திரையில் அவர் கணக்கைத் திறந்தார். சர்க்கரை நூற்று நாலு. கொழுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு. அப்படியானால் அவர் கையிலிருக்கும் தாளில் சர்க்கரைக்கு எதிரே இருப்பது இருநூற்றுப் பன்னிரண்டு. அதை நம்பி ஊசியைக் கூட்டிப் போட்டுக்கொண்டால், சாப்பிட்ட கையோடு ஆள் மயங்கி விழலாம். எழுபது வயது. மணி பன்னிரண்டாகப் போகிறது.

டிரைவருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

“எடுக்க மாட்டாரு. வண்டி ஓட்டற காலத்துல போனைப் பெட்டியில பூட்டி வெச்ச பழக்கம், இன்னும் பீரோவுல வெச்சுப் பூட்டறாரு” என்ற அக்கா, தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். “போங்க. கூட்டத்தை நான் பார்த்துக்கிறேன்.”

அந்த ஸ்கூட்டரில் பிரேக்கைவிட ஹாரன் நன்றாக வேலை செய்யும். வழியெல்லாம் பிரின்டர் அதை அடித்துக்கொண்டே போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தன் வாயால் இன்னொருவர் கெட்டால் அதற்கு ஒரு பழமொழிகூடக் கிடையாது என்று தோன்றியது. ஒரு வெற்று வரி அசிங்கமாக இருக்கிறதாம். அது பாட்டுக்கு நின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மூன்றாவது மாடி. டிரைவரின் மனைவி கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். உள்ளே சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்திருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா, மூடி கழற்றியபடி.

“ஐயா, ஊசி போட்டுட்டீங்களா?”

“போட்டாச்சே” என்றார் டிரைவர்.

“எவ்வளவு?” என்றார் பிரின்டர்.

“எப்பவும் போடற எட்டு. ஏன் தம்பி, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? உக்காருங்க. முதல்ல உங்க சர்க்கரையைத்தான் பார்க்கணும் போல இருக்கு.”

பிரின்டர் நாற்காலியைத் தேடவில்லை. வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. டிரைவரின் மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நம்பர் தப்புன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?” என்று டிரைவரைக் கேட்டார் பிரின்டர்.

டிரைவர் ஜன்னலைக் காட்டினார். கண்ணாடியில் போன மாதத் தாளும் இந்த மாதத் தாளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. வெளிச்சத்தில் இரண்டின் எண்களும் தெரிந்தன.

“முப்பத்தி நாலு வருஷம் வண்டி எடுத்தேன். நேத்து எப்படி இருந்துச்சு, இன்னிக்கு எப்படி இருக்குன்னு சுத்திப் பார்க்காம ஒரு நாளும் எடுத்ததில்லை. இந்தத் தாளும் அப்படித்தான். போன மாசம் ஹீமோகுளோபின் பதிமூணு. இன்னிக்கு நூத்தி நாலாம். அப்படின்னா நான் மனுஷன் இல்லை, இரும்புக் கடை. சரி, ஏதோ கோளாறுன்னு ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தேன். எல்லா நம்பரும் ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கியிருக்கு. அவ்வளவுதான் விஷயம். சாப்பிட்டுட்டு வந்து உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

“என் தப்புதான் ஐயா. நானே கேட்டு வாங்கின மாத்தம்.” பிரின்டர் ஆறு வருஷக் கதையையும், முப்பத்தொன்றாவது வரியையும், வெள்ளைத் தாளையும் மறைக்காமல் சொன்னார். வரி விடாமல் பட்டியல் படித்து என்ன பயன், பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்று நொந்துகொண்டார்.

டிரைவர் யோசித்தார். “கேட்டது தப்பில்லை. ரூட்டை மாத்தினா போர்டைக் கண்ணாடிக்கு மேல பெருசா வைக்கணும். முப்பத்தொண்ணாவது சீட்டுக்கு அடியில ஒட்டி வெச்சா எவன் பார்ப்பான்?”

பிரின்டர் திரும்பிப் போய், மாதிரியின் உச்சியில் தன் கையாலேயே ஒரு வெற்று வரியைச் சேர்த்தார். இந்தத் தடவை படிவத்திலேயே அச்சடித்து, பழைய தாளோடு ஜன்னலில் வைத்துப் பார்த்தார். பிறகு அறுபத்து நாலையும் மறுபடி அச்சடித்தார். மேலாளரிடம் நடந்ததை அவரே போய்ச் சொன்னார். இனிமேல் படிவத்தில் சோதிக்காமல் எதையும் ஏற்றுவதில்லை என்று எழுதியும் கொடுத்தார்.

ரிசப்ஷன் அக்கா ஒவ்வொரு கவராகத் தூக்கிப் பார்த்தார். ஜன்னலில் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தன.

“இந்த ஜன்னல் வேண்டாம்னு ஒரு மாசம் சண்டை போட்டது யாரு தம்பி?”

“நான்தான்கா. அது மட்டும் இல்லைன்னா இந்நேரம் அறுபத்து நாலு வீட்டுக்கு ஓடிக்கிட்டு இருப்பேன். இனிமே நீங்க சுவர் முழுக்க ஜன்னல் கேட்டாலும் சரி.”

அன்று மாலையே குழுவுக்கு எழுதினார். ஆந்தைப் படத்தை முகமாக வைத்திருக்கும் யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, மறுநாளே பதில் போட்டார்: தப்பு எங்களுடையதும்தான், எச்சரிக்கையை உரிய இடத்தில் போடுகிறோம், அந்தப் பெரியவர் நலமா என்று.

அடுத்த பதிப்பின் பட்டியல் சிறியது. முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில், உங்கள் வரிகள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடலாம், அசல் படிவத்தில் வைத்துச் சோதியுங்கள் என்று இருந்தது. பிரின்டர் அதைப் படித்துவிட்டு, தலையைத் தூக்கி மனைவியின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“கண்ணாடி நிஜமாவே நல்லா இருக்கு. பழசைவிட ஃபிரேம் மெல்லிசு.”

“ரெண்டு மாசத்துல கண்டுபிடிச்சுட்டீங்க” என்றார் மனைவி. ஆனாலும் சிரித்தார்.

டிரைவர் ஐயா அடுத்து வந்தபோது, பிரின்டர் அவருடைய கவரோடு அந்தப் பட்டியலையும் அச்சடித்துக் கொடுத்தார்.

“இதுல என்னைப் போட்டிருக்காங்களா?”

“கடைசியில, நன்றிங்கிற இடத்துல. ‘ஒரு பேருந்து ஓட்டுநர்’னு இருக்கு பாருங்க.”

“பரவாயில்லையே” என்று பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் டிரைவர். அறிக்கையை மட்டும் மடிக்கவில்லை. பையிலிருந்து போன மாதத் தாளை எடுத்து அதன்மேல் வைத்து, இரண்டையும் நிலையத்தின் கண்ணாடிக் கதவில் பிடித்தார். உள்ளே வர நினைத்தவர்கள் வெளியே காத்து நின்றார்கள். டிரைவர் மேலிருந்து கீழே விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து முடித்தார்.

“எல்லாரும் அவங்கவங்க ஸ்டாப்புலதான் எறங்கியிருக்காங்க” என்றார். “போய்ட்டு வரேன் தம்பி.”