மோராவின் வீக்கம்

வீக்கம் என்றாலே செனெய்தாவுக்கு ஆகாது. பத்து வருஷமாகக் காலையில் கண் விழித்தால் அவளுடைய இரண்டு மணிக்கட்டும் புளித்த மாவாக உப்பிக் கிடக்கும். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே ஆள் தெரியாமல் வீட்டுக்காரரைப் போட்டு அடிக்கிறார்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். அந்தக் காவல்காரர்களை அடக்கி வீக்கத்தை வற்றவைக்கும் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். அடுத்த வாரமே விரல் மடங்கியது, ஜடை பின்ன முடிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மாதாவுக்கு அடுத்தபடி கார்ட்டிசோன்தான்.

அவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! மலைமேல் பாம்புக்கடி மருந்துப் பண்ணையில் குதிரை பராமரிப்பு. வெல்வெட் பாம்பு என்று அங்கே சொல்லும் கொடிய விரியனின் விஷத்தைத் துளியளவு குதிரைக்கு ஊசியில் போடுவார்கள். போட்ட இடம் வீங்கும், கொதிக்கும். சில வாரத்தில் அந்த விஷத்தை முறிக்கும் சக்தி குதிரையின் இரத்தத்தில் ஊறிவிடும். இரத்தம் எடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மருந்தாக்குவார்கள்.

அந்த மருந்து இல்லையென்றால் அவள் புருஷன் செப்பே இன்றைக்கு இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் காப்பித் தோட்டத்தில் களை வெட்டும்போது கெண்டைக்காலில் அந்தப் பாம்பிடம் கடி வாங்கினான். ஆறு குப்பி ஏற்றினார்கள். உயிர் தங்கியது, சதைதான் அழுகிப் போனது. அந்தக் குழியில் இன்றைக்கும் ஒரு கோழிமுட்டையை உட்கார வைக்கலாம். கல்யாண வீடுகளில் அவன் அதை வைத்தும் காட்டுவான், வெட்கம் கெட்டவன்.

அவன் வீடு திரும்பிய மறுவாரம் செனெய்தா பண்ணை வாசலில் போய் நின்றாள். "சம்பளத்த அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அந்தக் குதிரைங்களக் காட்டுங்க" என்றாள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துண்டு வெல்லம் வைத்தாள். அன்று போனவள்தான். அப்படி ஒரு மனுஷியை இந்த மலையில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. வீங்கிய கையை வீக்கத்தின் மேல் வைத்து, இது நல்ல சூடு, இது சீழ் பிடிக்கிற சூடு என்று சொல்லிவிடுவாள். பண்ணையின் கால்நடை டாக்டர் ஃபாபியோ தெர்மாமீட்டரை அதற்கப்புறம்தான் எடுப்பார்.

மோரா என்ற கருப்புக் குதிரைக்கு மட்டும் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் நடுங்கும், புல்லைத் தொடாது, செனெய்தாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். மூன்றாம் முறை அவளுக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் மாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் கார்ட்டிசோன் வாங்கி வந்து, ஐந்து நாள் யாருக்கும் தெரியாமல் மோராவுக்குப் போட்டாள். வீக்கம் வற்றியது. மோரா புல் தின்றது. அடுத்த முறையும் அதையே செய்தாள்.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் ஃபாபியோ ஒரு தாளோடு வந்தார். அவளை மரியாதையாக 'டோன்யா' என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"மோராவோட ரத்தம் ரெண்டாவது தடவையும் வெறும் தண்ணி, டோன்யா. வெஷத்த முறிக்கிற சக்தியே இல்ல. வெள்ளிக்கிழமை வித்துடப் போறாங்க."

"யாருக்கு?"

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். கிழட்டுக் குதிரைகளை லாரியில் ஏற்றிப் போகிறவன் ஒருவன்தான் அங்கே வருவான். எதற்கு வாங்குகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

"நல்ல குதிரைதானே டாக்டர்? என்ன ஆச்சு அதுக்கு?"

"வீக்கமே வரலையே! அந்தக் கட்டிக்குள்ளதான் உடம்போட படையே கூடுது. வந்திருக்குறவன் யாரு, அவன எப்படி அடிக்கணும்னு அங்கதான் கத்துக்குது. வீங்காத குதிரைக்கு எங்கேருந்து வரும்?"

மாட்டு மருந்துக் கடை பாட்டில் செனெய்தாவின் நினைவுக்கு வந்தது. ஐயோ, அவள் கையால் அல்லவா அந்தப் படையைக் கலைத்தாள்! சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மோரா போகும்.

சாயங்காலம் செப்பேயிடம் கொட்டினாள். அவன் வெல்லத் தண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"வாயத் தொறக்காத. குதிரைக்காக யாராவது சோத்துல மண்ணப் போட்டுக்குவாங்களா?"

"ஒன் கால நீட்டு."

"எதுக்குடி?"

"நீட்டுய்யான்னா!" அந்தக் குழியில் விரலை வைத்தாள். "அன்னிக்கு ஒனக்கு ஏத்துனாங்களே ஆறு குப்பி, அது எந்தக் குதிரை பட்ட வலியோ. என்னை மாதிரி ஒரு கிறுக்கி அன்னிக்கு அங்க இருந்திருந்தா, இந்நேரம் நீ எங்க இருப்ப?"

செப்பே காலை மடக்கிக்கொண்டான். காலையில் அவள் கிளம்பும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு அவனும் நொண்டிக்கொண்டே கூட வந்தான்.

செனெய்தா நடந்ததைச் சொன்னதும் டாக்டர் ஃபாபியோ கத்தின கத்தலில் லாயத்துக் குதிரைகளின் காதுகள் விறைத்தன. "பத்தொன்பது வருஷம்! உங்கள நம்பி இத்தனை குதிரைய விட்டிருக்கோம்! பரிசோதனையில தெரிஞ்சதால ஆச்சு, தெரியாம அது மருந்தாயிருந்தா?"

"தப்புதான் டாக்டர். என்னை அனுப்பிடுங்க. மோராவ அனுப்பாதீங்க. அது மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் தாடையைச் சொறிந்தார். கடைசியில், மோராவுக்கு இரண்டு மாதம் ஓய்வு, பிறகு மறுபடி ஊசி என்றார். இரத்தம் தேறினால் இரண்டு பேரும் இருக்கலாம். தேறாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே.

இந்த முறை மோராவின் தோளில் பப்பாளி அளவுக்கு வீங்கியது. நடுங்கியது, புல்லை ஒதுக்கியது, போன தடவை வந்த ஊசி எங்கே என்று கேட்பதுபோல அவளையே பார்த்தது. செனெய்தா அழுதாள். ஆனால் கை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. வலியைக் கண்டால் ஓடிப் போய் அணைக்கிற கை அது. அதைக் கட்டிப்போட்டு நிற்பது லேசுப்பட்ட காரியமா? பத்து நாள் மோராவுக்குத் தோள் கொடுத்து நின்றாள். நல்ல சூடு, சீழ் இல்லை என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏழாம் நாள் மோரா ஒரு வாய் புல் தின்றது.

எல்லா ஊசியும் முடிந்து இரத்தம் எடுத்த மறுவாரம், தூறலில் குடைகூட இல்லாமல் டாக்டர் ஃபாபியோ ஓடி வந்தார்.

"டோன்யா! இந்தக் கூட்டத்துலயே இவதான் ஒசத்தி! எத்தனை பேர் பொழைக்கப் போறாங்க தெரியுமா?"

செனெய்தா வாளியைக் கீழே வைத்தாள். நேரே மோராவிடம் போனாள். தோளில் கோலிக்குண்டு அளவு ஒரு முடிச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. தன் வீங்கிய மணிக்கட்டை அதன்மேல் வைத்தாள்.

"ஒன் வீக்கம் ஊரையே காப்பாத்துதுடி. எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கு பாரு, என்னையே கடிக்குது" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து வெல்லத்தை எடுத்தாள். "மன்னிச்சுக்கடி. இந்தா, தின்னு."