சாமித்துரையின் நாக்கு

தீப்பெட்டி ஆபீசில் கட்டு சரிபார்க்கும் சொர்ணத்தாய்க்குத் தன் கண் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பெட்டியில் இரண்டு குச்சி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இருபது வருஷமாக அதில் அவளை யாரும் மிஞ்சியதில்லை. அந்தக் கண்தான் மகளின் வளைகாப்பில் அவள் மானத்தை வாங்கியது.

கயத்தாறில் சம்பந்தி வீட்டுப் பந்தி. புளிசாதத்தை வாயில் வைத்த கணவர் சாமித்துரை, எரிச்சல் தாங்காமல் நாக்கை நீட்டினார். நாக்கு முழுக்க வெடிப்பு. சொர்ணத்தாய்க்கு உடனே புகையிலை ஞாபகம்தான் வந்தது. இனிப் புகையிலையைத் தொடமாட்டேன் என்று ஐந்து வருஷத்துக்கு முன் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர். இப்போது அந்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணி.

“திரும்பப் பொகையிலை போடுதீங்களா? பிள்ளை தலையில சத்தியம் பண்ணிட்டு!”

பந்தியே திரும்பிப் பார்த்தது. “இல்லட்டி,” என்றார் அவர். சம்பந்தியம்மா சுந்தரேஸ்வரி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் கொடுமை. சாமித்துரை இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவரைக் கோவில்பட்டியில் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள் சொர்ணத்தாய். பேறுகாலத்துக்கு வந்திருந்த மகள் ஜெயப்பிரியா சாட்சிக்கு.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். “இது நிறைய பேருக்குப் பிறவியிலயே இருக்கும்மா. குடும்பத்துல வரும், வயசாக வயசாக ஆழமாகும். வாய் வறண்டாலும், சத்து குறைஞ்சாலும் கூடுதலாத் தெரியும். இடுக்குல சாப்பாடு தங்கினா எரியும். தெனம் பிரஷ்ஷால நாக்கை மெதுவாத் தேய்க்கச் சொல்லுங்க, போதும்.”

“அப்ப பொகையிலையால இல்லையா?”

“புகையிலை போடுற வாய் மாதிரியே இல்லையே!”

ஜெயப்பிரியா செல்போனில் தன் நாக்கைப் பார்த்தாள். “எம்மா, எனக்கும் இருக்கு.”

நடுவில் ஒரு கோடு, பக்கத்துக்கு இரண்டு. பெற்று வளர்த்த பிள்ளையின் நாக்கை அந்தக் கண் இத்தனை வருஷமாகப் பார்க்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தும் சொர்ணத்தாயால் தலை நிமிர முடியவில்லை. சாமித்துரைதான் பேசினார். “வீட்ல வச்சு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கனயே வாயைத் தொறந்து காட்டியிருப்பேன்லா.”

அவர் கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் கோபப்படவில்லை. அவள் போனை எடுத்துச் சுந்தரேஸ்வரிக்கு அடித்தாள்.

“மதினி, ஸ்பீக்கர்ல போடுங்க. வீட்ல இருக்கவிய எல்லாரும் கேக்கட்டும்.”

பிறகு, அன்று பந்தியில் கத்திய அதே சத்தத்தில், “எங்க வீட்டுக்காரர் பொகையிலை போடல, மதினி. நான்தான் அவியளை அநியாயமாச் சொல்லிட்டேன்,” என்றாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற சாமித்துரையின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.