மகன் அறையில் ஏறிய ஓதம்

எங்கள் வீட்டில் ஓதம் என்றால் சுவரில் அடிக்கும் ஈரம். அதற்கு வேறொரு அர்த்தம் இருப்பது அறுபது வயது வரை எனக்குத் தெரியாது. மகனுடைய அறைக்கும் குளியலறைக்கும் ஒரே சுவர்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தச் சுவரில் ஓதம் கீழிருந்து ஏறும், பெயின்ட் பொரிந்து உதிரும். சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி அடிப்பேன். அடுத்த மழைக்கு மறுபடி ஏறும். இங்கே கன்னட நாட்டில், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். எத்தனையோ இயந்திரங்களில் கசிவை நிறுத்தியிருக்கிறேன். இந்தச் சுவரிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை.

மகனும் ஃபிட்டர்தான், ஆனால் சரக்குக் கப்பலில். இதுதான் அவனுடைய முதல் பயணம். அவனுக்குப் போக அவ்வளவு விருப்பமில்லை, அவன் அம்மாவுக்குத் துளியும் இல்லை. நான்தான் ஒற்றைக்காலில் நின்று அனுப்பி வைத்தேன். எங்கள் பூர்வீகம் கௌதள்ளி, கடல் பக்கமே இல்லாத ஊர். எங்கள் வகையறாவில் யாரும் பார்த்த பெரிய தண்ணீர் கன்னம்பாடி அணைதான். "நம்மள்ள ஒருத்தனாச்சும் உலகத்தப் பாக்கட்டும்" என்று வீறாப்பாகப் பேசினேன். பேசும்போது எனக்கென்ன, நான் தரையில்தானே நின்றுகொண்டிருந்தேன்.

அவன் திரும்பி வருவதற்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தபோது மனைவிக்கு அந்த யோசனை வந்தது. யாரோ தங்கள் வீட்டைக் கடற்கரை மாதிரி அலங்கரித்திருந்ததைப் போனில் பார்த்துவிட்டாள். நீலச் சுவர், வெள்ளைத் திரை, சிப்பி, கயிறு, மீன்வலை எல்லாம் இருந்ததாம்.

"ஏனுங்க, அவன் ரூம இப்பிடிப் பண்ணலாமுங்க. கடல்லயே இருக்கற பையன், வந்து பாத்தா அவனுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றாள்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கடலைப் படத்தில் பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்.

சுவருக்கு முதல் கோட் நீலம் அடித்துக்கொண்டிருந்த காலையில் போனுக்கு அவன் குரல் வந்தது. நேராகப் பேசவில்லை, பதிவு செய்து அனுப்பியிருந்தான்.

"ப்பா, இங்க ஓதம் ஏறிக்கிட்டு இருக்குது. முழுசா ஏறுனதும் கெளம்பணும். அதுக்கப்புறம் போன் கெடைக்காது. அம்மாகிட்டச் சொல்லிருங்க."

அவ்வளவுதான். பின்னால் இரும்பு மோதும் சத்தம் கேட்டது, யாரோ கத்துவதும் கேட்டது.

பிரஷ்ஷை வைத்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன். ஓதம் ஏறுகிறது என்கிறான், அதுவும் கப்பலில். தகட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈரம் தட்டினால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். முழுசாக ஏறியதும் கிளம்ப வேண்டும் என்றால் கப்பலை விட்டு இறங்க வேண்டும் என்றுதானே அர்த்தம். நடுக்கடலில் இறங்கி எங்கே போவான்? இன்னொன்றும் என்னை உறுத்தியது. வீட்டில் அவன் பேசுவதில் பாதி கன்னடம். "வாய்ல தமிழ் வராதா உனக்கு" என்று நான் கடிக்காத நாள் கிடையாது. இதில் ஒரு கன்னட வார்த்தைகூட இல்லை. கடைசியாகச் சொல்வதை யோசித்து அடுக்கிச் சொன்னது போல இருந்தது.

திருப்பி அழைத்தேன், போகவில்லை. 'என்னாச்சு சாமி' என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

"பையனா?" என்று சமையலறையிலிருந்து அவள் கேட்டாள்.

"ஆமா. கொஞ்ச நாளைக்குப் போன் கெடைக்காதாமா."

பாதியைத்தான் சொன்னேன். அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கும் பார்வைக்குத்தான் பயந்தேன்.

அறை வேலையை நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அதனால் நிறுத்தவில்லை. அக்ரஹாரத்துக் கடைவீதியில் ஒரு கடைக்குக் கயிறு வாங்கப் போனேன். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். கப்பலின் மேல்தட்டிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டு மலைத்து நின்றேன். அவர் இரண்டு முறை கேட்டபிறகுதான் சன்னலைச் சுற்றிக் கட்டத்தான் கயிறு என்பது நினைவுக்கு வந்தது. மனைவி வரவழைத்திருந்த உயிர்காப்பு வளையம் பெட்டியில் வந்தது, வெள்ளையும் சிவப்புமாக. அழுத்திப் பார்த்தேன். வெறும் தெர்மாகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பார்க்காமல் அழுதேன்.

அவனைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். கப்பல் ஓட்டத்தில் இருக்கிறது, நெட் இல்லாத கப்பல், காத்திருங்கள் என்றார்கள். உள்ளே தண்ணீர் வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன், முடியவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் நீலச் சுவரின் அடியில் நிறம் கருத்தது. ஓதம்தான். அது எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மேலே ஸ்விட்ச் பெட்டி இருந்தது. அதைத் தொடுவதற்குள் அவன் பேசிவிட வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். கருவி வைத்து அளந்தே காலம் தள்ளியவன் இப்படி ஆகிவிட்டானே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் போய்ப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

பதினோராம் நாள் மதியம், ஏணி மேல் நின்று அந்த வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அவன் முகம்.

"ப்பா, இன்னொரு போர்ட் வந்துட்டோம். ஊட்டா ஆய்த்தா?"

சாப்பிட்டாச்சா என்று கேட்கிறான். ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஓதம் என்னடா ஆச்சு? எங்க கசிஞ்சுது? அடைச்சுப்போட்டாங்களா?" என்றேன்.

"எந்தக் கசிவு?" அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "ஐயோ, அது செவுத்து ஓதம் இல்லப்பா. கடல் தண்ணி ஏறி எறங்குமல்ல, கன்னடத்துல உப்பரன்னு சொல்லுவாங்களே, அது. தண்ணி ஏறுனாத்தான் பெரிய கப்பல் போர்ட்ட விட்டு வெளிய போக முடியும். இங்க தூத்துக்குடி அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அதுக்குத் தமிழ்ல ஓதம்னு சொல்லிக்குடுத்தாரு. நீங்க தமிழ்ல பேசு, தமிழ்ல பேசும்பீங்களே. அவர்கிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் அத அனுப்பினேன்."

என்ன நடந்தது என்றே தெரியாத மனைவி போனை வாங்கி, "பாரு கண்ணு, உனக்காக அப்பா பண்ணுனது" என்று அறை முழுக்கச் சுற்றிக் காட்டினாள். நீலச் சுவர், கயிறு, வலை, வளையம் எல்லாவற்றையும் காட்டினாள்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். முகம் இருந்தது.

"அதெல்லா பேடப்பா" என்றான், மெதுவாக. "தினா அதன்னே நோடி நோடி பய ஆகுத்தெ."

அதெல்லாம் வேண்டாமாம். தினமும் அதையே பார்த்துப் பார்த்துப் பயமாக இருக்கிறதாம். இத்தனை மாதத்தில் பயம் என்ற சொல்லை அவன் சொன்னதே இல்லை. தமிழில் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆய்த்து மகனே, தெகீத்தீனி" என்று கன்னடத்திலேயே சொன்னேன். சரி மகனே, எடுத்துவிடுகிறேன்.

போனை வைத்ததும் வளையத்தைக் கழற்ற மறுபடி ஏணியில் ஏறினேன். அறையில் இருப்பதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அவன் இன்னும் ஒரு மாதம் அந்தக் கடலில் இருந்தாக வேண்டும் என்பது பாதி ஏணியில்தான் எனக்கு உறைத்தது.