வயிற்றின் மேல் சவர்க்காரப் பெட்டி

தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று என் வேலையைச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர், "அப்ப என்ரை மகனுக்கும் ஒரு வேலை எடுத்துத் தாங்கோ" என்பார்கள். மீதிப் பேர் முழங்காலைக் காட்டி எண்ணெய் கேட்பார்கள். உண்மையில் நான் செய்வது, உடுப்புப் போடுவது, பல் தீட்டுவது, சாப்பிடுவது போன்ற அன்றாடக் காரியங்கள் சிக்கலாகிப்போன பிள்ளைகளுக்கு அவற்றைப் பழக்குவது. சோற்றுக் கோப்பையோடு பிள்ளையின் பின்னால் வீடு முழுக்கத் திரிந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். ஆனால் ஆரணி (பெயரை மாற்றியிருக்கிறேன்) சாப்பிட மறுக்கிற பிள்ளை அல்ல. அவளுடைய சிக்கல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தொடங்கும்.

வாந்தி இல்லை

ஆரணிக்குப் பதினைந்து வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு சில சொற்கள்தான். அரியாலையில் இருந்து அம்மா சுகந்தி அவளை ஓட்டோவில் கூட்டி வந்தார். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் சாப்பாடு வாய்க்குத் திரும்பி வரும். ஆரணி அதை மறுபடி மென்று விழுங்குவாள், அல்லது துப்பிவிடுவாள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று; புண்ணும் இல்லை, அடைப்பும் இல்லை. ஆனால் பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். புளித்த சாப்பாடு பட்டுப் பட்டுப் பற்கள் கரைந்திருந்தன. இன்னும் எடை இறங்கினால் மூக்கால் குழாய் வைத்துத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டி வரும் என்று சொல்லி, டொக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

"இது வாந்தி இல்லை, அக்கா. ஓங்காளமும் இல்லை. இதுக்கு இரைமீட்டல் எண்டு பேர்" என்றேன்.

சுகந்தி அக்கா யோசித்தார். அவர்கள் வீட்டில் இரண்டு பசுக்கள் நிற்கின்றன.

"மாடு இரைமீட்டால் சுகமாயிருக்கு எண்டு சொல்லுறம். பிள்ளை செய்தால் மட்டும் வருத்தமோ, மிஸ்?"

பஸ்ஸில் ஒரு பரிசோதனை

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போய், பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆரணி அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். சோற்றின் மேல் நிறையத் தேங்காய்ப்பால் சொதி, அதற்கு மேல் தண்ணீர். பிறகு குசினி மூலையில் கதிரையைப் போட்டு இருந்தாள். வயிறு ஒருதரம் உள்ளே இறுகியது, கன்னம் உப்பியது. முகத்தில் துளி அருவருப்பில்லை. பிடித்த பாட்டொன்றைத் தனியே கேட்டுக்கொண்டிருப்பவளின் முகம் போல இருந்தது. உடனே அம்மா "விழுங்கு, விழுங்கு" என்று ஓடி வந்தார். அப்பா வாசலில் நின்று சத்தம் போட்டார். ஆரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வயிறு மறுபடி இறுகியது.

இதை எப்படித்தான் செய்கிறாள்? எனக்கு அதுதான் மண்டைக்குள் நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தபடியே நானும் முயன்று பார்த்தேன். வாயை மூடி, கன்னத்தை உப்பி, வயிற்றை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கி. ஒன்றும் மேலே வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எழும்பி, யன்னல் கரையை எனக்கு விட்டுத் தந்தார்.

"வெக்கப்படாதேங்கோ, தங்கச்சி. என்னட்டைச் சொப்பிங் பாக் இருக்கு."

அப்பா

வீட்டாருக்கு நான் முதலில் சொன்னது: சாப்பாடு திரும்பி வந்தால் ஒருவரும் கத்தக் கூடாது, ஓடி வரவும் கூடாது; அந்தப் பரபரப்பில் அவள் வயிறு இன்னும்தான் இறுகும். சுகந்தி அக்கா ஓம் என்றார். அப்பாவுக்குத்தான் முடியவில்லை. அவர் களப்புக் கடலில் இறால் பிடிப்பவர், அதிகம் கதைக்காத மனிதர். ஒருநாள் என்னை ஓட்டோவரை கொண்டுவந்து விட்டார். நான் ஏறின பிறகும் ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"கோவத்திலை கத்திறன் எண்டு நினையாதேங்கோ, மிஸ். அவ எலும்பும் தோலுமாப் போறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாமல் கத்திறன்."

சுவிங்கம்

சாப்பாட்டோடு தண்ணீரைக் குறைத்தோம், சொதியைக் குறைத்தோம். அப்பாவும் மெல்ல மெல்லக் கத்துவதை விட்டார். கொஞ்சம் பலன் தெரிந்தது. அடுத்ததாக, சாப்பிட்டு முடிந்ததும் சுவிங்கம் கொடுக்கலாம் என்றேன். வாய்க்கு மெல்ல வேறொன்று இருந்தால், வயிற்றில் இருப்பதைத் தேடாது என்பது கணக்கு. ஆரணி சந்தோசமாக மென்றாள். விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவிங்கமே திரும்பி வந்தது; மறுபடி மெல்லத் தொடங்கினாள். எங்கள் நிலையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மதியிடம் போய்த் தோல்வியைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுவிங்கம் செமிக்காது எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. நீர்தான் யோசிக்கேல்லை."

பெட்டி

வயிறு இறுகினால்தான் சாப்பாடு மேலே வரும். வயிறு உப்பும்படி ஆழமாக மூச்செடுக்கும்போது அது இறுகாது. ஆகவே ஆரணிக்கு வயிற்றால் மூச்செடுக்கப் பழக்க வேண்டும். ஆனால் "ஆழமா மூச்செடு" என்ற வசனம் அவளுக்கு வெறும் சத்தம். என்ன செய்வது என்று கனநாள் முழித்தேன்.

ஆரணியின் கையில் எந்நேரமும் நீல நிறச் சவர்க்காரப் பெட்டி ஒன்று இருக்கும், வெறும் பெட்டி. ஒரு காலை, சாப்பாட்டுக்கு முன்னர் அவளைப் பாயில் படுக்கவிட்டு அதை வயிற்றின் மேல் வைத்தேன். மூச்சோடு பெட்டி ஏறியது, இறங்கியது. ஆரணி தலையை உயர்த்திப் பார்த்தாள். இன்னும் உயர ஏற்ற முடியுமா என்று அவளாகவே முயன்றாள். ஏறியது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு சாப்பிட்ட பின்னரும் கதிரையில் சாய்ந்திருந்து அதையே செய்யப் பழக்கினோம். முதன்முதலாகச் சாப்பாடு திரும்பி வராத மத்தியானத்தில், சுகந்தி அக்கா கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

தனியே செய்ய அவளுக்கு அலுக்கக் கூடாது என்று வீட்டாரையும் காலையில் அவளோடு படுக்கச் சொல்லியிருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி பால் வாங்க வந்தபோது மூன்று பேரும் வரிசையாகக் கிடந்தார்கள், மூன்று வயிற்றிலும் மூன்று சவர்க்காரப் பெட்டி. அப்பா குறட்டை வேறு.

"என்ன சுகந்தி, குடும்பத்தோடை சோப்பு விக்கப் போறியளோ?"

கலியாண மண்டபம்

இரண்டு வருசமாக அவர்கள் ஆரணியோடு ஒரு விசேசத்துக்கும் போனதில்லை. கொடிகாமத்தில் சுகந்தி அக்காவின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கலியாணம் வந்தபோது, போவோம் என்று அப்பாதான் சொன்னார். அங்கே நடந்ததைப் பிறகு சுகந்தி அக்கா எனக்குச் சொன்னார். அவசரத்தில் பெட்டி வீட்டிலேயே விடுபட்டுவிட்டது. பாயாசம் குடித்து முடிந்ததும் ஆரணியின் வயிறு இறுகத் தொடங்கியது. சுகந்தி அக்கா வாய் துடைக்க லேஞ்சியை எடுக்க முன்னரே, ஆரணி அடுத்த கதிரையில் இருந்த முன்பின் தெரியாத ஐயா ஒருவரின் மடியில் இருந்து போனை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துச் சாய்ந்துவிட்டாள். போன் ஏறியது, இறங்கியது. சாப்பாடு வரவில்லை. சுகந்தி அக்கா பதறி மன்னிப்புக் கேட்டுப் போனை எடுக்கப் போக, அந்த ஐயா கையைக் காட்டி மறித்தாராம்.

"விடுங்கோ பிள்ளை, அவ ஆறுதலா முடிக்கட்டும். எனக்கு ஒருத்தரும் கோல் எடுக்கிறேல்லை."

இப்போதும் சொதி கூடின நாளில் சாப்பாடு எப்போதாவது திரும்பி வரத்தான் செய்கிறது. ஆனால் எடை ஏறுகிறது, மூக்குக் குழாயைப் பற்றி டொக்டர் கதைப்பதில்லை. நான் கண்டது என்னவென்றால் ஒரு பிள்ளையின் வயிற்றில் சாப்பாடு நிற்பதற்குச் சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் முதலில் வாயை மூடப் பழக வேண்டியிருந்தது.