அழுத்தி இழுத்த கோடு

புஷ்பலதா யாங்கூனின் தின்கன்ஜூன் பகுதியிலிருந்து தினமும் பஸ் ஏறி ஓவியர் கார்த்திகேசன் வீட்டுக்கு வேலைக்குப் போவாள். காகிதம் வெட்டுவது, மை கலக்குவது, முடிந்த படங்களுக்குச் சட்டம் போடுவது. வயல், ஆறு, படகுத்துறை என்று வெறும் மைக்கோட்டில் வரைவதில் அவருக்கு யாங்கூனில் நல்ல பெயர். எல்லாரும் அவரை மரியாதையாகச் சயா என்பார்கள்.

ஒரு வருஷம் சயாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பாதியில் நின்ற மாவ்பி வயல் படத்தை அவளிடம் நீட்டி, "இந்த வரப்பை மட்டும் இழுத்துடும்மா" என்றார்.

அந்த வாரம்தான் மாவ்பியில் அவள் அக்காவின் நெல் முழுக்கத் தண்ணீரில் போயிருந்தது. வரப்பை மெல்லிசாகத் தொடங்கினாள். அக்கா வயலில் வரப்பு உடைந்த இடம் நினைவுக்கு வந்ததும் பேனா முனை காகிதத்தைக் கீறுகிற அளவுக்கு அழுத்தினாள். அதற்கு மேல் இழுக்க மனம் வரவில்லை. வரப்பு போய்ச் சேரவேண்டிய பனைமரத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டாள்.

சயா வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

லான்மடாவில் படக்கடை வைத்திருந்த ஷாஹுல் அதைக் கண்டு அசந்துபோனார். "வயசானப்புறம்தான் சயா கோட்டுக்கு உயிர் வந்திருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதன் பின் ஏழு வருஷம் கை அவளுடையது, பெயர் அவருடையது. என்றைக்காவது அவராகவே சொல்வார் என்று இருந்தாள். சொல்லாமலே சென்ற மாசியில் இறந்துபோனார்.

மூன்று மாதம் கழித்து, தன் பெயர் போட்ட ஆறு படங்களோடு ஷாஹுலிடம் போனாள்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு லதாம்மா. ஆனா இது சயா கோடு. அவரைப் பாத்துப் போட்டதை யார் வாங்குவாங்க?"

"பாய், ஏழு வருஷமா அந்தக் கோட்டை இழுத்தது நான்தான்."

"மவுத்தானவர் பேர்ல இப்படிச் சொல்லாதீங்க."

சயாவின் மனைவி ஜெயம்மாவுக்கு எல்லாம் தெரியும். அத்தனை வருஷமும் அந்த அறைக்குத் தேநீர் கொண்டுவந்தவள். புஷ்பலதா நேரே அவளிடம் போனாள்.

"நீதான் போட்டே. இல்லேன்னு சொல்லல" என்றாள் ஜெயம்மா. "எனக்கு இப்ப அவர் பேர் ஒண்ணுதான் மிச்சம். அதையும் கேக்கறியா?"

புஷ்பலதா எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த வாரம், அழுத்தமே இல்லாமல், தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை ஒரே பருமனில் கோடு போட்டு நான்கு படம் முடித்தாள். வயல் தெரிந்தது, மரம் தெரிந்தது. வேறெதுவும் இல்லை. ஷாஹுல் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, இப்பத்தான் உங்க சொந்தக் கோடு வந்திருக்கு."

புது அடுக்குமாடி வீடுகளின் சுவருக்கு அவை பொருத்தமாக இருக்கின்றனவாம். வாரத்துக்கு இரண்டு கொடுக்கிறாள். வரையும்போது எதிரே டிவி ஓடுகிறது. பெரும்பாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.