அரிசோனாவில் நின்றுவிட்ட தாய்மாமன்

யசிந்தன் அண்ணையை நான் முதலில் கண்டது ட்ரில் மெஷின் கேட்டுப் போன அன்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். டொரொன்டோவில், டோர்செட் பார்க் அடுக்குமாடிச் சுவரில் ஆணி இறங்கவில்லை. எதிர்க்கதவைத் தட்டினேன். சேறு படிந்த மலைச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டடங்களுக்கு உள்சுவர்ப் பலகை அடிக்கும் டிரைவோல் வேலை செய்கிறவர். தானே வந்து துளை போட்டார்.

"நல்ல உயரத்தில மாட்டு. வாறவன் எல்லாம் அண்ணாந்து பார்க்கட்டும்."

மட்டக்களப்பிலிருந்து அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அவருடைய அக்கா நாகேஸ்வரி. அதனால் அக்கா எது சொன்னாலும் ஓம்தான். பிறந்தநாள், கலியாணம் என்று சனிக்கிழமைகள் மண்டபங்களில் போயின. ஞாயிறு காலையில் மட்டும் டொன் பள்ளத்தாக்கின் காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓடுவார்.

அவர் ஆசைப்பட்டது அரிசோனாவில் ஒரு சுற்றுப்பாதை. பாலைவன அடிவாரத்தில் ஏறி, பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஒரே ஓடையை ஆறு தரம் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வரும் நாற்பது கிலோமீற்றர். இரண்டு வருடம் அதற்காகவே பழகினார். செப்டெம்பருக்கு டிக்கெட் போட்ட பிறகு, அதே வாரச் சனிக்கிழமை அக்கா மகள் யதுஷாவின் பூப்புனித நீராட்டுக்கு, சாமத்தியவீட்டுக்கு, மண்டபம் கிடைத்தது. பிள்ளைக்கு ஒரே தாய்மாமன். முதல் தண்ணீர் அவர்தான் வார்க்க வேண்டும்.

"வெள்ளி பின்னேரம் அங்கயிருந்து பிளைட், அக்கா. சனி விடிய இஞ்ச நிப்பன்."

"உருண்டு விழுந்தாலும் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து நில்."

வெள்ளி காலை அவரும் நண்பன் அபிஷனும் சுற்றைத் தொடங்கினார்கள். மூன்றாவது கடவையில் தண்ணீர் கணுக்கால் அளவு. தூரத்து மலைமேல் மழை கறுத்திருந்தது. கடவையருகே வீதிக்கு ஏறும் குறுக்குப்பாதை ஒன்று பிரிந்தது.

"இதால ஏறிடுவம், அண்ணை. பிளைட்டை விட்டா அக்கா தேங்காய்க்குப் பதிலா உங்களைத்தான் உடைப்பா."

"நீ ஏறு. நான் சுத்தி முடிச்சு வாறன். இனி எப்ப என்னை விடப்போகினம்?"

அபிஷன் வீதிக்கு ஏற, அண்ணை நான்காவதைக் கடந்தார். ஐந்தாவதில் செம்மண் நிறத் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. திரும்பினால், நான்காவதும் மார்பளவு நிறைந்திருந்தது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் ஒரு பஸ் நிறுத்தக்கூடிய மணல்திட்டு. போனில் சிக்னல் இல்லை. மூன்று தரம் பாறையில் ஏறப் பார்த்து, மூன்று தரமும் சறுக்கி விழுந்தார்.

"பின்னேரம் மேல ஒரு பிளேன் போச்சுது," என்றார் என்னிடம். "என்ர பிளைட் உந்தப் பக்கத்தால போகாது. எண்டாலும் அதுதான் எண்டு நினைச்சன்."

தண்ணீர் வடிந்து, மீட்புக் குழுவோடு அபிஷன் வந்து சேர்ந்தபோது அங்கே சனி காலை ஆறு, டொரொன்டோவில் ஒன்பது. சடங்குக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. மீட்புக் குழுவின் செய்மதிப் போனில் அக்காவுக்கு எடுத்தார்.

"உயிரோட இருக்கிறியோ?"

"ஓம், அக்கா."

"சரி." வைத்துவிட்டார்.

அவருக்குப் பதிலாகத் தண்ணீர் வார்க்க அக்கா வேறு எவரையும் விடவில்லை. மத்தியானம் யதுஷாவின் மெசேஜ் வந்தது: "இற்ஸ் ஓகே மாமா, நானே ஊத்தினன்." அதை எனக்குக் காட்டும்போது அண்ணை சிரிக்கப் பார்த்தார்.

"சுத்தையும் முடிக்கேல்லை, தண்ணியும் வார்க்கேல்லை," என்றார்.

இது நடந்து பதினாலு மாதம். யசிந்தன் அண்ணை எனக்கு எதிர்வீட்டில்தான் இருக்கிறார். டிரைவோல் வேலைக்குப் போகிறார். ஸ்ரௌவ்வில்லில் அக்கா வீட்டு விசேஷங்களுக்கு அவருக்கு அழைப்புச் சொல்வதில்லை. சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார்.